அணைத்தால் ஓடும்

மூக்குக் கண்ணாடிக் கடையின் மாப்பிள்ளை, சர்வர் நிர்வாகி ஆனதற்கு ஒரே ஒரு காரணம்தான் உண்டு. கல்யாணமான புதிதில், பிரிண்டரில் சிக்கிக்கொண்ட காகிதத்தை அவர் கிழியாமல் இழுத்து எடுத்துவிட்டார். அதை மாமனார் பார்த்துவிட்டார். "மாப்பிள்ளைக்கு இதெல்லாம் கைவந்த கலை" என்று அன்றைக்கே ஊருக்குச் சொல்லிவிட்டார். அதிலிருந்து கடையில் மின்சாரத்தில் ஓடும் எது நின்றாலும் அது மாப்பிள்ளை தலையில்தான் விடிந்தது. வாடிக்கையாளர்கள்கூட அவரை மாப்பிள்ளை என்றுதான் கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்றும் இருந்தது. அது சர்வரின் பாஸ்வேர்டாக மட்டும் பயன்பட்டு வந்தது.

கடையில் மூன்று கம்ப்யூட்டர்கள். கவுண்டரில் ஒன்று, மனைவி கண் பரிசோதிக்கும் அறையில் ஒன்று, லென்ஸ் தேய்க்கும் பின்கட்டில் ஒன்று. மூன்றுக்கும் பெரிய தலையாக, மாடிப்படிக்கு அடியில், துடைப்பத்துக்கும் பழைய விளம்பரப் பலகைகளுக்கும் நடுவே, ஒரு ஸ்டூலின் மேல் சர்வர் வீற்றிருந்தது. மாமனாருக்கு அந்தப் பெயர் ஆரம்பத்திலிருந்தே ஒப்பவில்லை.

"சர்வர்னா நம்மகிட்ட வந்து என்ன வேணும்னு கேக்கணும். இதுகிட்ட நாமல்ல போய் உனக்கு என்ன வேணும்னு கேட்டுக்கிட்டு நிக்கிறோம்" என்பார்.

இதைக் கட்டிக் காப்பதற்கென்று உதவி நிலையம் என்று ஒன்று இருந்தது. ஊரில் உள்ள சின்னக் கடைகளின் சர்வர்களை எல்லாம் அதுதான் பராமரித்தது. பராமரித்தது என்றால், வருடத்துக்கொரு முறை ஓர் அதிகாரி வந்து கடையைச் சுற்றிப் பார்த்து முகம் சுளித்துவிட்டுப் போவார். போன முறை வந்தவர், தயாரான கண்ணாடிக் கூடுகளின் மேல் வாடிக்கையாளர் பெயர் எழுதி ஒட்டியிருப்பதைப் பார்த்து நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "இந்தக் காலத்துல காகிதமா" என்றார். ஒட்டியதை எல்லாம் உரித்தார்கள். அதற்குப் பிறகு எந்தக் கண்ணாடி எந்த டிராயரில் இருக்கிறது என்பது சர்வருக்கு மட்டுமே தெரிந்த ரகசியமானது. சுவர் முழுக்க டிராயர்கள். டிராயருக்குள் கண்ணாடிகள். எல்லாம் ஒரே மாதிரி கறுப்பு ஃபிரேம். ஏனென்றால் பஸ் டிப்போ பக்கத்திலேயே இருந்தது, டிரைவர்கள் கறுப்பு ஃபிரேம்தான் போடவேண்டும் என்பது டிப்போவின் சட்டம்.

ஒருநாள் காலையில் சர்வர் நின்றுவிட்டது. முனகல் இல்லை, புகை இல்லை, அறிவிப்பு இல்லை.

கடை திறந்த கையோடு வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார் ஒரு பஸ் டிரைவர். அவர் கண்ணாடி தயார் என்று போனவாரமே செய்தி போயிருந்தது.

"நாளைக்குக் காலையில டிப்போவுல கண் டெஸ்ட்டு, மாப்பிள்ளை. கண்ணாடி இல்லாமப் போனேன்னா ஸ்டியரிங்கை விட்டு எறக்கிடுவாங்க. அப்புறம் ஆயுசுக்கும் டிப்போ கேட்டைத் தொறந்து மூட வேண்டியதுதான். எனக்கு ஓட்டுறதைத் தவிர ஒண்ணும் தெரியாது."

"பழைய கண்ணாடி என்ன ஆச்சு?"

"அது மேலயே உக்காந்துட்டேன். கண்ணாடி போடலைல்ல, அது அங்க இருந்தது தெரியலை."

மறுபடி கண்ணைச் சோதித்து எந்தப் பவர் என்று கண்டுபிடிக்கலாம் என்றால், சோதிக்கும் மெஷினும் சர்வர் சொன்னால்தான் கண் திறக்கும். புதிதாகத் தேய்க்கலாம் என்றால் லென்ஸ் வர ஒரு வாரம். ஆக, டிரைவரின் பிழைப்பு அந்தச் சுவரில் ஏதோ ஒரு டிராயருக்குள் பத்திரமாக இருந்தது. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவது என்பார்களே, அதேதான். மாப்பிள்ளை உதவி நிலையத்துக்குப் போன் போட்டார்.

நிலையத்தில் மூன்று படிகள் உண்டு. முதல் படியில் ஓர் இளம்பெண்ணின் குரல் இருந்தது. நல்ல குரல். கெட்ட சேதியைக்கூடத் தேன் தடவிக் கொடுக்கும்.

"எங்க திரையில உங்க சர்வர் பச்சையா இருக்கு சார். பச்சைன்னா நல்லா இருக்குன்னு அர்த்தம்."

"இங்க மூச்சுப் பேச்சே இல்லைம்மா."

"ஏதாவது கோளாறுன்னா உங்க சர்வரே எங்களுக்குத் தகவல் அனுப்பிடும் சார். அது ஒண்ணும் சொல்லலையே."

"ஓடினாத்தானேம்மா அது சொல்லும்."

"சரி சார். ஓட ஆரம்பிச்சதும் சொல்லச் சொல்லுங்க."

மாப்பிள்ளை பொறுமைசாலி. மாமனார் வீட்டோடு இருப்பவருக்கு அது இல்லாமல் முடியாது. டிரைவரின் கதையை எடுத்துச் சொன்னார். அந்தப் பெண்ணும் மனம் இளகி, "முதல் உதவித் தாள்" ஒன்றை அவர் போனுக்கு அனுப்பிவைத்தாள். அந்த வருடம்தான் நிலையம் தாள்களை எல்லாம் நல்ல தமிழுக்கு மாற்றியிருந்தது. குழு போட்டு, குழுவுக்கு ஒரு மேற்குழு போட்டு, சர்வரைச் சேவையகம் ஆக்கி, ஆஃப் என்ற சொல்லை நாடு கடத்தியிருந்தார்கள். தாளில் இப்படி இருந்தது:

*சேவையகத்தை மெதுவாக அணைக்கவும். உரிமையாளர் மட்டுமே அணைக்கலாம். மற்றவர் அணைத்தால் நிலையம் பொறுப்பாகாது. சற்று நேரம் அணைத்தபடியே இருந்து, அந்நிலையிலேயே எங்களுக்குத் தெரிவிக்கவும்.*

மாப்பிள்ளைக்குப் புரிந்தது. போய் சுவிட்சை அமுக்கினார், மறுபடி அமுக்கினார். ஏற்கெனவே நின்றதை இன்னொரு தடவை எப்படி நிறுத்துவது என்று தெரியவில்லை. தாளைப் பிரிண்ட் எடுக்க வழியில்லாததால் போனையே மாமனார் கையில் கொடுத்துவிட்டு, டிரைவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுக்கப் போனார். திரும்பி வந்தபோது மாடிப்படி அறையில் மாமனார் சர்வரைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார். இரண்டு கைகளும் பெட்டியைச் சுற்றிப் போய்ப் பின்னால் கோத்திருந்தன. கன்னம் பெட்டியின் மேல் பதிந்திருந்தது.

"மாமா, என்ன பண்றீங்க?"

"தாள்ல போட்டிருக்கே மாப்பிள்ளை. உரிமையாளர் மட்டும்தான் அணைக்கணும்னு. கடை என் பேர்லதானே இருக்கு." கொஞ்சம் வெட்கப்பட்டார். "அந்தக் கதவைச் சாத்துங்க. நாலு பேர் பாத்தா என்ன நினைப்பாங்க."

"மாமா, அணைக்கிறதுன்னா அது இல்ல..."

சொல்லி முடிப்பதற்குள் சர்வரின் வயிற்றுக்குள் ஏதோ உறுமியது. விசிறி சுற்றியது. நெற்றியில் பச்சை விளக்கு எரிந்தது. மாமனார் பெருமையோடு கையை எடுத்தார். சர்வர் செத்தது. பதறிப்போய்த் திரும்பக் கட்டிக்கொண்டார். சர்வர் பிழைத்தது.

"பாசத்துக்கு ஏங்கியிருக்கு, பாவம்" என்றார் மாமனார்.

சத்தம் கேட்டு மனைவி வந்து எட்டிப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள். "எனக்கு விவரம் தெரிஞ்சு எங்கப்பா என்னைக்கூட இப்படிப் பிடிச்சதில்லை" என்று கணவனிடம் சொன்னாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் போகிற போக்கில் கதவை அவள் சாத்தின வேகத்தில் சுவரில் இருந்த டிராயர்கள் எல்லாம் ஒருமுறை குலுங்கின.

அந்நிலையிலேயே தெரிவிக்கவும் என்று போட்டிருந்ததால் மாப்பிள்ளை தெரிவித்தார்.

"இப்ப சர்வரை அணைச்சிருக்கீங்களா சார்?"

"அணைச்சிருக்கார்மா, உரிமையாளரே."

"நல்லது சார். இப்ப ஓடலை, சரியா?"

"ஓடுது."

"அணைச்சா எப்படி சார் ஓடும்?"

"அணைச்சாத்தான்மா ஓடுது. விட்டா நின்னுடுது."

"சார், என் திரையில ரெண்டே கட்டம்தான் இருக்கு. அணைத்திருக்கிறது, ஓடுகிறது. ரெண்டுல ஒண்ணைத்தான் தொட முடியும். ரெண்டையும் தொட்டா எனக்கு சிவப்பு வருது."

"எங்களுக்கு ரெண்டும் நடக்குதும்மா."

"அப்போ இது மூணாம் படி சார்" என்றாள் அவள். குரலில் முதன்முறையாகப் பயம் தெரிந்தது.

சர்வர் நல்ல நாளிலேயே லேசில் எழுந்திருக்காது. எழுந்து, கண்ணைக் கசக்கி, தான் யார் என்று யோசித்து, மற்ற மூன்று கம்ப்யூட்டர்களையும் அடையாளம் கண்டுகொள்வதற்குள் ஓர் ஆள் குளித்துத் தலை துவட்டி வந்துவிடலாம். மாமனார் அசையாமல் நின்றார். கவுண்டர் திரையில் கடையின் பெயர் மெல்ல எழுந்தது. டிரைவர் பெஞ்சிலிருந்து எழுந்து கவுண்டர் பக்கம் வந்தார், வழியில் இருந்த பூத்தொட்டியிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு. இன்னும் ஒரு நிமிடம் போயிருந்தால் டிராயர் எண் வந்திருக்கும். அதற்குள் மூன்றாம் படி வந்துவிட்டது.

மூன்றாம் படி என்பது ஓர் அதிகாரி. கழுத்துப் பட்டையில் அட்டை, முகத்தில் ஒரு பெரிய துக்கத்தைத் தாங்கும் பொறுப்பு. கூடவே கேமராவோடு ஓர் உதவியாளர். டிப்போவுக்குப் பக்கத்திலேயே அவர்கள் அலுவலகம் என்பதால் விரைந்து வந்துவிட்டார்களாம். இத்தனை வருடத்தில் அவர்கள் விரைந்தது அன்று ஒருநாள்தான்.

"கையை எடுங்க" என்றார் அதிகாரி.

"எடுத்தா நின்னுடும் சார்" என்றார் மாப்பிள்ளை. "இன்னும் ஒரு நிமிஷத்துல இவர் கண்ணாடி..."

"பழுதை ஆய்வு பண்ணணும்னா பழுது இருக்கணும். ஓடிக்கிட்டிருக்கிற சர்வர்ல நான் எதைப் போய்ப் பார்க்க?"

மாமனார் கையை எடுத்தார். கவுண்டரில் கடையின் பெயர் அணைந்தது. அதிகாரி செத்த சர்வரை மேலும் கீழும் பார்த்து, "உண்மைதான், ஓடலை" என்று குறித்துக்கொண்டார். பின்பக்கம் சுவரைப் பார்த்து இருந்ததால் அங்கே பார்க்கவில்லை. நிலையத்தின் விதிப்படி ஆய்வு முன்பக்கத்துக்கு மட்டுந்தான்.

மறுபடி கட்டிக்கொள்ளச் சொன்னார். மறுபடி விசிறி, மறுபடி விளக்கு, மறுபடி திரையில் கடையின் பெயர். இந்த முறை உதவியாளர் குறுக்கிட்டார். ஆவணத்துக்குப் படம் வேண்டும், உரிமையாளர் முகம் சுவர்ப் பக்கம் சாய்ந்திருக்கிறது, படத்தில் விழாது. ஆகவே மாமனாரை விடச் சொல்லி, சர்வரின் முதுகு வாசலைப் பார்க்கும்படி ஸ்டூலோடு திருப்பி வைத்து, அவரைச் சுவர்ப் பக்கமாகப் போய் நின்று அங்கிருந்து கட்டிக்கொள்ளச் சொன்னார்கள். இப்போது முகம் கேமராவைப் பார்த்தது. கோத்த கைகளும் வாசலுக்குத் தெரிந்தன.

"கொஞ்சம் சிரிங்க" என்றார் உதவியாளர்.

"எனக்கு முதுகு பிடிச்சிருக்கு" என்றார் மாமனார்.

"அது படத்துல தெரியாது."

மாப்பிள்ளை கேமராவுக்குக் குறுக்கே வந்தார். "சார், தாள்ல எழுதினது தப்பு. நீங்க சொல்ல வந்தது ஆஃப் பண்றது. இவர் கட்டிப் பிடிச்சிருக்கார். ரெண்டும் வேற வேற."

அதிகாரி அவரை இரக்கத்தோடு பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, கூட்டத்தில் பேசுகிறவர் மாதிரி பேசினார்.

"தம்பி, எங்க தாள்ல தப்பு வராது. ஏன்னா அதைச் சரிபார்க்கிற குழு, அதை எழுதின குழுவேதான். நாங்க அணைக்கச் சொன்னோம். நீங்க அணைச்சீங்க. ஓடுது. இதைவிடத் தெளிவான வெற்றி எங்க நிலைய வரலாற்றுலயே கிடையாது. உண்மையைச் சொல்லணும்னா, நாங்க சொல்லி ஒரு சர்வர் ஓடினது இதுதான் முதல் தடவை. புகார் தீர்ந்துடுச்சுன்னு மூடிட்டேன்."

"கையை எடுத்தா நின்னுடுமே சார்."

"எடுக்காதீங்க. எடுக்கச் சொல்லித் தாள்ல எங்கேயாவது இருக்கா?"

"அவர் வீட்டுக்குப் போக வேண்டாமா? சாப்பிட வேண்டாமா?"

"முறை வச்சு அணைக்கலாம். ஆனா உரிமையாளர்தான் அணைக்கணும். அதனால கடையை உங்க பேருக்குப் பாதி எழுதி வைக்கச் சொல்லுங்க."

மாமனார் பெட்டிக்குப் பின்னாலிருந்து தலையைத் தூக்கி, "என்னது?" என்றார். அந்தக் கோபத்தில் கை தளர்ந்து, சர்வர் மறுபடி நின்றது.

மனைவிக்குப் பொறுமை போயிற்று. "நீங்க எல்லாரும் அதைக் கொஞ்சிக்கிட்டே இருங்க" என்று சொல்லிவிட்டு, டிரைவரைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் நாற்காலியில் உட்கார வைத்தாள். எதிர்ச்சுவரில் எழுத்துப் பலகை. சுவரிலிருந்து ஒரு டிராயரை இழுத்தாள், கண்ணாடியை அவர் மூக்கில் மாட்டினாள்.

"என்ன தெரியுது?"

"மழை."

அடுத்தது.

"ரெண்டு பலகை தெரியுதும்மா. ரெண்டுமே பொய்."

அடுத்தது. அடுத்தது. டிராயர்கள் நாக்கைத் தொங்கப் போட்டது மாதிரி வரிசையாகத் திறந்து கிடந்தன. ஒரு கண்ணாடியில் அவருக்குத் தலை சுற்றியது, இன்னொன்றில் அவர் கால் எங்கேயோ தூரத்தில் இருந்தது. மாடிப்படி அறையில், சர்வர் முழுசாக எழுந்திருக்கும் முன்பே ஒவ்வொரு முறையும் படம் சரியாக விழவில்லை என்று மாமனாரை விட்டுவிட்டுத் திரும்பக் கட்டச் சொன்னார்கள். வெளியே வெயில் சாய்ந்துகொண்டு வந்தது. டிரைவர் வேடிக்கையாகப் பேசுவதை நிறுத்திவிட்டார். அவர் கை முழங்கால் மேல் ஸ்டியரிங்கைப் பிடித்தது மாதிரி இறுகிக் கிடந்ததை மாப்பிள்ளை பார்த்தார். அந்தத் தாளை மாமனார் கையில் கொடுத்தது தான்தான் என்று நினைக்க அவருக்கு வெட்கமாக இருந்தது. மனைவியோடு சேர்ந்து அவரும் டிராயர்களை இழுக்க ஆரம்பித்தார்.

கீழ் வரிசையில், மூலையில், இறுகிப்போன ஒரு டிராயர். மாப்பிள்ளை காலைச் சுவரில் ஊன்றி இழுத்தார். மனைவி அதிலிருந்த கண்ணாடியை டிரைவருக்கு மாட்டினாள். பலகையின் முதல் வரியைப் படித்தார். இரண்டாவதைப் படித்தார். கடைசி வரியில் கடுகு கடுகாக இருந்ததையும் படித்தார். அதையும் தாண்டிப் பலகைக்குப் பக்கத்தில், திறந்திருந்த கதவு வழியே, மாடிப்படி அறைக்குள் பார்த்தார். அங்கே மாமனார் மூன்றாவது படத்துக்காகச் சர்வரைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"அந்தப் பெரியவர் உள்ளங்கைக்கு அடியில ஒரு கறுப்பு ஒயர் இருக்குல்ல" என்றார் டிரைவர்.

எல்லோரும் திரும்பினார்கள்.

"அது பாதி வெளிய தொங்குது. அவர் அமுக்கினா உள்ள போகுது. இப்ப மூக்கைச் சொறியறாரு பாருங்க, வெளிய வந்துடுச்சு."

மாமனார் மூக்கைச் சொறிந்தார். சர்வர் நின்றது. விஷயம் வெட்ட வெளிச்சமாகிவிட்டது. ஊருக்கே கண் கொடுக்கிற கடையில், காலையிலிருந்து ஒருத்தரும் அதன் முதுகைப் பார்க்கவில்லை.

மனைவி நேராகப் போனாள். அதிகாரி குறுக்கே கையை நீட்டினார். "தொடாதீங்க. இது தீர்ந்த புகார். தீர்ந்ததைத் திரும்பத் தீர்க்க விதி இல்லை."

"இது என் வீட்டு ஒயர்" என்றாள் அவள். கட்டைவிரலால் ஒயரை அழுத்திச் செருகினாள். டக்கென்று ஒரு சத்தம். விசிறி சுற்றியது.

"அப்பா, விடுங்க."

"விட்டா நின்னுடும்மா."

"நிக்காது. விடுங்க."

மாமனார் ஒவ்வொரு விரலாகப் பிரித்தார். சர்வர் ஓடிக்கொண்டே இருந்தது. அவர்தான் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். நாள் முழுக்க வளைந்தே இருந்த கைகள் நீள மறுத்தன. அந்த வளையத்துக்குள் மகள் போய் நின்றுகொண்டாள்.

"நானும் ரொம்ப வருஷமா ஓடிக்கிட்டுதான்பா இருக்கேன்" என்றாள்.

மாமனார் கொஞ்ச நேரம் விட்டத்தைப் பார்த்தார். பிறகு, "மாப்பிள்ளை, அந்தக் கதவைச் சாத்துங்க" என்றார். மாப்பிள்ளை அதிகாரியையும் உதவியாளரையும் வெளியே விட்டுக் கதவைச் சாத்தினார். உதவியாளர் இந்தப் படமும் வேண்டும் என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டார் மாப்பிள்ளை. கடையில் அவர் வேண்டாம் என்று சொல்லி நின்ற முதல் விஷயம் அது.

அன்று மாலையே கண்ணாடிக் கூடுகளில் பெயர் எழுதி ஒட்டும் வேலை தொடங்கிவிட்டது. சர்வர் ஓடத்தான் செய்தது. ஆனால் அதை யாரும் எதுவும் கேட்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து, டிரைவர் பஸ்ஸைத் திருப்பத்தில் ஓரங்கட்டிவிட்டுச் சீருடையோடு கடைக்குள் வந்தார். டெஸ்ட்டில் பாஸாகிவிட்டார். முகத்தில் மட்டும் கவலை இருந்தது. கண்ணாடியைக் கழற்றிக் கவுண்டரில் வைத்தார்.

"இதுல ஏதோ கோளாறு, மாப்பிள்ளை. டெஸ்ட்டு அன்னைக்கு நல்லாத்தான் இருந்துச்சு. இப்ப ரெண்டு மூணு நாளா, போற வழியில என்னென்னமோ தெரியுது."

"என்ன தெரியுது?"

டிரைவர் தயங்கினார். "செருப்புக்கடை முதலாளி ஒரு பெட்டியைக் கட்டிப் பிடிச்சிக்கிட்டு நிக்கிறாரு. அடுத்த ஸ்டாப்புல மருந்துக்கடை அம்மா, அவங்களும் ஒரு பெட்டிய. பக்கத்துல அதிகாரி மாதிரி ஒருத்தர் நின்னு, கையில தாளை வச்சிக்கிட்டு இன்னும் இறுக்கச் சொல்றாரு. துடைச்சுத் துடைச்சுப் பாத்துட்டேன். போகலை."

மனைவி கண்ணாடியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள், திருப்பிப் பார்த்தாள், மெஷினில் வைத்தும் பார்த்தாள். பிறகு துணியால் ஒருமுறை துடைத்து அவர் கையில் கொடுத்தாள்.

"பவர் சரியாத்தான் இருக்கு" என்றாள்.